வைத்தியர், சட்டத்தரணி என்று சொல்லிக்கொள்ளும் சாட்பொட்களைச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டுமா?

தடுக்கத்தான் வேண்டும். ஆனால் சாட்பொட் மருந்தைப் பற்றியோ காணியைப் பற்றியோ பேசுவதை அல்ல. "நான் வைத்தியர்", "நான் சட்டத்தரணி" என்று அது சொல்வதை.

கிளிநொச்சியில் பிரதேச செயலகத்துக்குக் கிட்ட கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோகொப்பி எடுப்பதோடு, விண்ணப்பம் நிரப்புவது, கடிதம் எழுதுவதும் உண்டு. நானும் லைசன்ஸ் இல்லாமல்தான் சனத்தின் காணிப் பிரச்சினைகளை எழுதிக் கொடுக்கிறேன். அது குற்றமில்லை. ஆனால் கடை வாசலில் "சட்டத்தரணி" என்று போர்ட் மாட்டினால் அடுத்த நாளே பொலிஸ் வந்து நிற்கும். அதே போர்டைப் போனுக்குள் மாட்டிக்கொண்டு இருப்பவனை யார் கேட்பது?

இப்போது சிலர் கடிதத்தைப் போனிலேயே செய்து கொண்டு வருகிறார்கள், பிரிண்ட் எடுத்துத் தந்தால் போதுமாம். வாசித்தால் "வட்டாட்சியர் அவர்களுக்கு" என்று தொடங்குகிறது. நடுவில் பட்டா, சிட்டா எல்லாம் வருகிறது. இணையத்தில் தமிழில் இருக்கும் காணிச் சட்டப் பேச்சு பெரும்பாலும் தமிழ்நாட்டுடையது, சாட்பொட் அதைப் படித்துவிட்டுச் சொல்கிறது. இங்கே குடியேற்றத் திட்டங்களில் இருப்பது பெர்மிட் காணி, அதாவது அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவது, நினைத்தபடி விற்க ஏலாது. பெர்மிட்காரர் யாரையும் வாரிசாக நியமிக்காமல் இறந்தால் பிள்ளைகளில் ஆணுக்கே முதலிடம் என்று இருந்ததை 2022இல்தான் திருத்தினார்கள். இடம்பெயர்ந்து வழக்குப் போட முடியாமல் போனவர்களுக்காக 2016இல் ஒரு தனிச் சட்டமும் வந்தது. அடுத்தவர் காணியைப் பத்து வருஷம் ஆண்டால் அது சொந்தம் என்ற கணக்கில் 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைச் சேர்க்கக் கூடாது என்பதற்காக. வன்னியில் காணி வழக்குப் பேசுகிறவருக்கு இவையெல்லாம் அடிப்படை. "அனுபவமுள்ள வழக்கறிஞர்" என்று தன்னை அறிமுகப்படுத்திய சாட்பொட்டிடம் இவற்றில் ஒன்றுமே இல்லை. எந்த நாட்டு வழக்கறிஞர் என்றும் அது சொல்லவில்லை.

லைசன்ஸ் என்பது ஒரு நாட்டுக்குள் செல்லுபடியாகும் பொறுப்பு. இங்குள்ள சட்டத்தரணி பிழை விட்டால் உயர் நீதிமன்றம் பெயரை வெட்டலாம். வைத்தியர் என்றால் இலங்கை மருத்துவ சபை இருக்கிறது. சாட்பொட்டுக்கு வெட்டப் பெயரும் இல்லை, கூப்பிட விலாசமும் இல்லை. ஆகவே கை வைக்க வேண்டியது அதை நடத்தும் கம்பனியில்.

அமெரிக்காவில் இது தொடங்கிவிட்டது. "உலகின் முதல் ரோபோ வழக்கறிஞர்" என்று விளம்பரம் செய்த டுநொட்பே (DoNotPay) கம்பனி மீது அங்குள்ள மத்திய வர்த்தக ஆணையம் 2024இல் நடவடிக்கை எடுத்தது. உண்மையான வழக்கறிஞர் அளவுக்கு அது வேலை செய்கிறதா என்று கம்பனி சோதித்தே பார்க்கவில்லையாம். 1,93,000 டொலர் கட்ட வைத்தார்கள். இலினோய் மாநிலம் 2025இல் ஏஐ மனநல சிகிச்சை கொடுப்பதையே தடை செய்தது, மீறினால் ஒவ்வொரு தடவைக்கும் 10,000 டொலர் வரை அபராதம். கலிபோர்னியாவில் 2026 ஜனவரி முதல், லைசன்ஸ் உள்ள மருத்துவர் பேசுகிறார் என்று எண்ண வைக்கும் பட்டங்களை ஏஐ பயன்படுத்தக் கூடாது.

எனக்குக் கலிபோர்னியா வழிதான் பிடித்திருக்கிறது. இலினோய் மாதிரி முழுத் தடை இங்கே சரிவராது. முல்லைத்தீவில் இருந்து சில ஸ்பெஷலிஸ்டுகளைப் பார்க்க வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ பஸ் ஏற வேண்டியிருக்கிறது. யுத்தத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் மனநல கிளினிக் வாசலில் தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்று கூசுகிறார்கள். இரவு ஒரு மணிக்குப் போனோடு பேசித்தான் ஆறுகிறார்கள் என்றால் அதைப் பறிக்க எனக்கு மனமில்லை. பேசுவது மெஷின் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அடியில் எறும்பு எழுத்தில் "இது மருத்துவ ஆலோசனை அல்ல" என்று போட்டுவிட்டு, மேலே "நான் டொக்டர், பயப்படாதீங்க" என்று பேச விடுவதை அறிவித்தலாக எடுக்கக் கூடாது.

இங்கே புதுச் சட்டம் வரும்வரை ஒரு விஷயம். "பதிவு எண் என்ன?" என்று கேட்டால் மடங்கிவிடும் என்று நினைக்காதீர்கள், எண்ணையும் சோடித்துத் தரும். வைத்தியர் என்றால் மருத்துவ சபையின் இணையத்தளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம். காணி விஷயத்துக்கு, கையில் காசில்லாவிட்டாலும் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வயலுக்குப் போய் வந்தவருக்குக் காய்ச்சல் என்றால் போனைக் கேட்டுக்கொண்டு இருக்க வேண்டாம், எலிக்காய்ச்சலாக இருக்கலாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அம்புலன்ஸுக்கு 1990. சாட்பொட் சொல்லும் 108 இந்திய நம்பர்.