கடற்படைக்குப் போக நிற்கும் மகனைப் பற்றி ஓர் அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

போன வாரம் தம்பியோடு வந்திருந்தபோது, "நடுக்கடலில் புயல் அடித்தால் இவன் என்ன செய்வான்?" என்று மூன்று முறை கேட்டீர்கள். நான் பதில் சொல்லாமல், "விடுதி அறையில் எத்தனை பேர், யாரோடு சண்டை?" என்று அவனைக் கேட்டேன். உங்கள் முகம் சுருங்கியதைக் கவனித்தேன். நான் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது.

என்னிடம் படித்துக் கடற்படைக்குப் போன பையன்கள் விடுமுறையில் வந்தால் புயலைப் பற்றிப் பேசுவதே இல்லை. தூக்கத்தைப் பற்றித்தான் புலம்புவார்கள். கப்பல் இரவு பகல் பார்க்காமல் ஓடும். வேலை முறைவைத்து நடக்கும். அதை 'வாட்ச்' என்பார்கள். வழக்கமாக ஒரு வாட்ச் 4 மணி நேரம். மாலை 4 முதல் 8 வரை உள்ளதை மட்டும் இரண்டாகப் பிரிப்பார்கள். அப்போது நாளுக்கு 7 வாட்ச் ஆகிவிடும். 7 ஒற்றைப்படை என்பதால் முறை நாளுக்கு நாள் மாறும்; நள்ளிரவுப் பாடு தினமும் ஒரே ஆள் தலையில் விழாது. பாய்மரக் காலத்து நியாயம் அது. கஷ்டம் சமமாகப் பங்கு பிரிந்தால்தான் கூட்டம் உடையாமல் இருக்கும்.

களைப்பை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதை 2017-இல் அமெரிக்கக் கடற்படை பார்த்தது. ஜூனில் ஜப்பான் அருகே ஃபிட்ஸ்ஜெரால்ட், ஆகஸ்டில் சிங்கப்பூர் அருகே ஜான் மெக்கெய்ன். இரண்டு போர்க்கப்பல்களும் வணிகக் கப்பல்களோடு மோதி 17 மாலுமிகள் இறந்தார்கள். பயிற்சிக் குறைகளோடு தூக்கமின்மையும் காரணமாகப் பேசப்பட்டது. உடம்பின் கடிகாரத்துக்கு ஒத்துவரும் வாட்ச் அட்டவணை வேண்டும் என்று அதன்பிறகு உத்தரவே போட்டார்கள்.

ஒரே கப்பலில் இருப்பவர்களுக்குள் ஒட்டுதல் தானாக வந்துவிடாது. நம் கடற்படையின் தாரிணி என்ற 56 அடி பாய்மரப் படகில், 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து இரண்டே பெண் அதிகாரிகள் உலகைச் சுற்றக் கிளம்பினார்கள். ஒருவர் கோழிக்கோட்டு தில்னா. இன்னொருவர் நம் புதுச்சேரி ரூபா. 2025 மே 29 அன்று திரும்பினார்கள். ஒருவர் கண்ணயர்ந்தால் படகும் அவர் உயிரும் மற்றவர் கையில். அதற்கு முன்பே இருவரும் சேர்ந்து மொரீஷியஸ் வரை ஓட்டிப் பழகியிருந்தார்கள் என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். அறையில் எட்டுப் பேர், மின்விசிறிக்காக ஒருவனோடு ஒரு மாதம் பேச்சில்லை என்றான். "இப்போது?" என்றேன். "தேர்வன்று என்னை எழுப்பிவிட்டதே அவன்தான்" என்று சிரித்தான். ஓட்டத்தில் அவன் எடுத்த நேரத்தைவிட இந்தப் பதில் எனக்குப் பிடித்தது. கல்லூரியில் என்சிசி கடற்படைப் பிரிவு இருந்தால் சேரச் சொல்லுங்கள். துடுப்புப் படகில் ஒருவன் தாளம் தவறினால் எல்லோருக்கும் உறைக்கும்.

உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. கப்பலில் இருக்கும்போது வாரக்கணக்கில் பேச முடியாமல் போகலாம். பேசக் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் வீட்டு வழக்கையும் கடனையும் கொட்டாதீர்கள். மனது சரியில்லை என்று அவன் சொன்னால், "ஆம்பளைப் பிள்ளை, சமாளி" என்றும் சொல்லாதீர்கள். மேலதிகாரியிடமோ கப்பல் மருத்துவரிடமோ சொல்லச் சொல்லுங்கள்.

என் கவலை வேறு. அக்னிவீர் என்ற குறுகிய காலப் படைச் சேர்க்கைத் திட்டத்தில் போனால் பணி நான்கு ஆண்டுதான். அதன்பின் அதிகபட்சம் 25 சதவீதம் பேருக்கே நிரந்தரப் பணி. இருபத்திரண்டு வயதில் திரும்பி வந்தால் என்ன செய்வான் என்பதை இப்போதே யோசிக்க வேண்டும். அடுத்த முறை வரும்போது பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை மறக்காமல் எடுத்து வாருங்கள்.