விநாடிக்கு 60 வெள்ளிக்கிழமை

அன்புள்ள ஐயா,

நான் புதுச்சேரி லாசுப்பேட்டையில் இருக்கிறேன். வயது 24. நண்பர்கள் நாலு பேர் காசு போட்டு ஒரு பிளேஸ்டேஷன் 5 வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதில் கிரான் டூரிஸ்மோ 7 கார்ப் பந்தயம்தான். மூன்று வாரமாக அது நின்றுபோய்விட்டது. எங்களில் ஒருவன் ஏதோ தொழில்நுட்ப விமர்சன வீடியோவைப் பார்த்துவிட்டு வந்து, “ரே ட்ரேசிங் இருக்கு இருக்குன்னு சொன்னாங்க, ஓட்டும்போது அது கிடையாது, ரீப்ளேயில்தான் போடுறாங்க, ஏமாத்து வேலை” என்று ஆரம்பித்தான். கார்மேல் சுற்றுப்புறம் நிஜம்போலப் பிரதிபலிப்பதுதான் ரே ட்ரேசிங்காம், முடிந்த பந்தயத்தைத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது ரீப்ளே. எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. நான் சாதாரண ரசிகன். அந்த வீடியோவை நான் பார்க்கவில்லை, பார்க்கப் போவதும் இல்லை. ஓட்ட ஜாலியாக இருக்கிறது, பார்க்க அழகாக இருக்கிறது, போதாதா? பூதக்கண்ணாடி வைத்துக் குற்றம் தேடுகிறவர்கள் உண்மையில் எதையாவது ரசிக்கிறார்களா? சண்டை முற்றி அவனை வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து எடுத்துவிட்டோம். நாங்கள் செய்தது சரியா? பெரிய டிவி வாங்கினால் அவன் சொல்லும் வித்தியாசம் எங்களுக்கும் தெரியுமா? இந்த வயதில் கேம் எதற்கு என்று அப்பா திட்டுகிறார், அதற்கும் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

க., புதுச்சேரி

அன்புள்ள க.,

அப்பா திட்டுவதில் எனக்குக் கருத்து இல்லை. அப்பாக்கள் திட்டுவார்கள். என் அப்பா புத்தகம் படித்ததற்குத் திட்டினார். டிவி விஷயம், உங்கள் அறை எட்டுக்குப் பத்து இருந்தால் இருக்கிற டிவியே போதும், இருக்கிற கண்ணை முதலில் பயன்படுத்துங்கள்.

‘நான் சாதாரண ரசிகன், எனக்கு இதெல்லாம் தெரியாது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. அதில் அடக்கம் கொஞ்சம்கூட இல்லை தம்பி, முழுக்கப் பெருமை. நம் ஊரில் இது ஒரு நோய். கச்சேரிக்குப் போய்விட்டு வந்து ‘எனக்கு ராகமெல்லாம் தெரியாதுங்க, கேட்க நல்லா இருந்தா போதும்’ என்பார்கள், ஏதோ விரதம் இருந்து சாதித்ததுபோல. தெரியாது என்பது ஒரு நிலைமை, சரி, எல்லோரும் அங்கிருந்துதான் தொடங்குகிறோம். ஆனால் பார்க்கவில்லை, பார்க்கப் போவதும் இல்லை, அதே வாயால் மூன்று வாரம் சண்டை போட்டேன் என்று ஒருவர் எழுதினால் அவரை எப்படி ரசிகர் என்று சொல்வது? நீங்கள் எதை எதிர்த்துச் சண்டை போட்டீர்கள் என்பதே உங்களுக்குத் தெரியாதே.

உங்கள் நண்பரையும் விடப் போவதில்லை. அவருக்கு அப்புறம் வருகிறேன்.

நான் கேம் ஆடுவேனா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். என் அக்கா மகனோடு உட்கார்ந்து கிரான் டூரிஸ்மோ 5 ஆடியிருக்கிறேன். 2010 நவம்பரில் பிளேஸ்டேஷன் 3-க்கு வந்தது. முதல் வளைவிலேயே சுவரில் மோதுவேன். அவன் பொறுமைசாலி. அதில் 1,000 காருக்கு மேல் உண்டு, ஆனால் சுமார் 200 தான் ‘ப்ரீமியம்’. மிச்சம் 800 ‘ஸ்டாண்டர்ட்’, அதாவது பழைய பிளேஸ்டேஷன் 2 காலத்து உருவங்களை எடுத்துத் தூசி தட்டி வைத்தவை. வெளிவந்த புதிதில் அந்த 800 கார்களில் உள்ளிருந்து பார்க்கும் வசதியே கிடையாது. சாலையோர மரங்கள் இரண்டு அட்டையைக் குறுக்கே செருகியதுபோல இருக்கும். இதையெல்லாம் அவன்தான் எனக்குக் காட்டினான். காட்டும்போது அவன் முகத்தில் இருந்தது வெறுப்பு என்று அன்று நினைத்தேன்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. உங்களுக்கு அப்போது பத்து வயது இருக்கும், நினைவிருக்கலாம். எங்கள் தெருவில் பத்து நாள் கரண்ட் இல்லை. பிளேஸ்டேஷன் மேல் துணி போர்த்தி வைத்துவிட்டு, மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவன் எனக்கு ஒரு பாடம் எடுத்தான். இந்த விமர்சனம் எழுதுகிறவர்கள் படத்தின் அளவை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று. கணக்கு நோட்டு, கட்டம் போட்டது. ஒரு சாய்கோடு வரைந்தான். திரையில் சாய்கோடு உண்மையில் படிக்கட்டுதான். படம் முழு 1920 புள்ளி அகலத்துக்கு வரையப்பட்டிருந்தால் குறுக்கே 150 புள்ளி தூரத்தில் 150 படி இருக்க வேண்டும். 100 படிதான் இருந்தால்? வரைந்தது 1280 அகலத்துக்கு, பிறகு இழுத்து விரித்திருக்கிறார்கள். கிரான் டூரிஸ்மோ 5-இல் அப்படித்தான் இருந்தது. 1080 என்று சொன்னால் அகலம் 1920, உயரம் 1080 என்று பொருள். இதில் உயரம் 1080 உண்மை, அகலம் 1280. தயாரித்தவர்கள் அதைத் தமுக்கடித்துச் சொல்லவில்லை. யாரோ உட்கார்ந்து படி எண்ணியதால் உலகத்துக்குத் தெரிந்தது.

அந்தக் கட்டம் போட்ட நோட்டைப் பார்த்தபோதுதான் எனக்குச் சித்தப்பா ஞாபகம் வந்தார். உங்கள் கடிதத்துக்கு நான் பதில் எழுதுவதே அவருக்காகத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சித்தப்பா சினிமா பேனர் வரைகிறவர். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் கெடிலம் ஆற்றுப் பக்கம் ஒரு கொட்டகை. 1980-களின் தொடக்கம், நான் பள்ளிப் பையன், சனி ஞாயிறில் எடுபிடி. பவுடர் கலரில் லின்சீட் ஆயில் விட்டுக் குழைப்பது என் வேலை. விநியோகஸ்தரிடமிருந்து உள்ளங்கை அளவு ஸ்டில் வரும். அதன்மேல் பென்சிலால் கட்டம் போடுவார். இருபதடித் துணியிலும் அதே எண்ணிக்கையில் கட்டம். ஸ்டில்லில் ஒரு கட்டத்துக்குள் மூக்கின் பாதி இருந்தால், துணியில் அந்தக் கட்டத்துக்குள் ஆளுயரத்துக்கு மூக்கின் பாதி. கிட்டே நின்றால் ஒன்றும் புரியாது, வெறும் தீற்றல்.

படம் வெள்ளிக்கிழமை ரிலீஸ். ஸ்டில் வருவதே திங்கட்கிழமைதான். ஆகவே எங்கே உழைப்பது, எங்கே விடுவது என்ற கணக்கு அவர் கையிலேயே இருந்தது. கதாநாயகன் முகத்துக்கு இரண்டு நாள். கதாநாயகிக்கு ஒரு நாள் (அன்றும் அப்படித்தான்). பின்னால் நிற்கும் கூட்டத்துக்கு அரை மணி நேரம், கட்டை விரலால் அழுத்தி வைத்த பழுப்புப் பொட்டுகள். அதுதான் அவருடைய ‘ஸ்டாண்டர்ட்’ கார்.

கார் பானட்டுக்கு ஒரு சூத்திரம் வைத்திருந்தார். மேலே நீலம், கீழே மண் நிறம், நடுவில் மெல்லிய கறுப்புக் கோடு. அவ்வளவுதான். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் தகரம் பளபளக்கும். அந்த நீலம் எந்த ஊர் வானமும் இல்லை. எந்தப் படத்துக்கும், எந்தக் காருக்கும் அதே வானம்.

இனி உங்கள் ரே ட்ரேசிங்குக்கு வருவோம். ஒளிக்கற்றை ஒவ்வொன்றும் எங்கே பட்டு எங்கே திரும்புகிறது என்று பின்தொடர்ந்து கணக்கிடுவதுதான் அது. 1980-இலேயே டர்னர் விட்டட் என்பவர் அமெரிக்காவின் பெல் லேப்ஸ் ஆய்வுக்கூடத்தில் இருந்துகொண்டு கண்ணாடி உருண்டைகளை இந்த முறையில் வரைந்து காட்டிவிட்டார். ஒரே ஒரு படத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. உங்கள் விளையாட்டில் விநாடிக்கு 60 படம் வேண்டும். ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லிவிநாடி. சித்தப்பாவுக்கு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை என்றால் அந்தப் பெட்டிக்கு விநாடிக்கு 60 வெள்ளிக்கிழமை. 216 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள் என்று வையுங்கள். விநாடிக்கு 60 மீட்டர். 60 படம் ஓடினால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே கார் ஒரு மீட்டர் நகர்கிறது. 30 ஆகக் குறைத்தால் இரண்டு மீட்டர். வளைவில் பிரேக் அடிக்க வேண்டிய இடத்தில் இரண்டு மீட்டர் குருட்டுத்தனம் என்றால் நான் மட்டுமில்லை, நீங்களும் சுவரில்தான் இருப்பீர்கள். அதனால் ஓட்டும்போது பானட்டில் பழைய சூத்திரத்தைப் போடுகிறார்கள். சுற்றுப்புறத்தை ஆறு சுவருள்ள ஒரு பெட்டியின் உட்பக்கம் ஒட்டியதுபோல வைத்துக்கொண்டு அதையே மேல்பூச்சில் காட்டுவது. கியூப் மேப் என்பார்கள். பந்தய விளையாட்டுகளில் நெடுங்காலமாக இருக்கிற வழி. பந்தயம் முடிந்து ரீப்ளேயில் நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கும்போது பிரேக் அடிக்க வேண்டிய அவசரம் இல்லை, ஆகவே அங்கே உண்மையான வானம்.

இதை ஏமாற்று என்று சொன்ன உங்கள் நண்பரிடம் கேளுங்கள், அந்த வீடியோவைப் பார்த்த பிறகு எத்தனை தடவை ரீப்ளேயை நிறுத்திப் பானட்டைப் பார்த்தார் என்று. ஒரு தடவைகூட இல்லை என்றால் அவரும் உங்களைப்போலத்தான், என்ன, அவர் கையில் இரவல் எண்கள் இருக்கின்றன. படி எண்ணுகிறவனை நான் மதிக்கிறேன். எண்ணியவன் சொன்னதைக் கொடிபோலத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனிடம் எனக்குப் பேச்சு இல்லை.

ஆனால் குற்றம் தேடுகிறவர்கள் ரசிக்கிறார்களா என்று கேட்டீர்களே. அதற்குத்தான் மெக்கானிக் பாயைச் சொல்ல வேண்டும்.

இம்பீரியல் ரோட்டில் அவருக்கு ஒரு ஷெட். டீ குடிக்கக் கிளம்புகிறவர் கொட்டகைக்குள் எட்டிப் பார்ப்பார். மற்றவர்கள் எட்டிப் பார்த்தால் “அப்படியே இருக்கு பெயின்டரே” என்பார்கள். சித்தப்பா திரும்பக்கூட மாட்டார். பாய் வந்தால் பிரஷ் நின்றுவிடும். ஒரு தடவை சண்டைப் படம் ஒன்றுக்குக் கார் வளைவில் சீறித் திரும்புவதுபோல வரைந்திருந்தார். பாய் ரொம்ப நேரம் பார்த்தார்.

“பெயின்டரே, வண்டி எடது கைப்பக்கம் திரும்புது. அப்ப வலது பக்கம் அமுங்கணும்ல? நீ சப்பரம் மாதிரி நிமித்தி வெச்சிருக்கியே.”

சித்தப்பா பதில் சொல்லவில்லை. பாய் போனதும் பிரஷ்ஷைத் தூக்கிச் சுவரில் அடித்தார். அது வியாழக்கிழமை சாயங்காலம். இரவு பெட்ரோமாக்ஸ் வைத்துக்கொண்டு சாரத்தில் ஏறினார். காலையில் நான் போனபோது கார் வலப்பக்கம் சாய்ந்திருந்தது, வெளிச்சக்கரத்துக்கு மேலே மட்கார்டு இறங்கியிருந்தது. அத்தனை உயரத்தில் இதை யார் சித்தப்பா பார்க்கப் போறாங்க என்று கேட்டேன்.

“பாய் பாப்பார்டா” என்றார்.

அந்தப் படம் ஓடியது. ஐம்பதாவது நாளுக்குப் புது பேனர் கேட்டார்கள். இந்தத் தடவை பத்து நாள் கெடு. சித்தப்பா என்னைக் கூட்டிக்கொண்டு பாய் ஷெட்டுக்குப் போனார். புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்த அம்பாசடர் ஒன்று வேப்பமரத்தடியில் நின்றது. “பானட்ட பாரு” என்றார். அரை மணி நேரம் பார்த்தோம். கரண்ட் கம்பம் வில்லாக வளைந்திருந்தது. வேப்பமரம் பானட்டின் விளிம்பில் நசுங்கி, உள்ளே வர வர நிமிர்ந்தது. வானம் நீலமாகவே இல்லை, வெள்ளையாக இருந்தது. என் முகம் சுரைக்காய் மாதிரி நீண்டிருந்தது. பின்னால் லுங்கியோடு பாய், ஸ்பேனரால் முதுகைச் சொறிந்துகொண்டு.

உங்கள் ரீப்ளே பற்றிப் படித்தபோது எனக்கு அந்த ஐம்பதாவது நாள் பேனர்தான் ஞாபகம் வந்தது. 2024 நவம்பரில் உங்கள் பெட்டியைவிட வலுவான பிளேஸ்டேஷன் 5 ப்ரோ வந்தபோது, பந்தயம் ஓடும்போதே பக்கத்துக் கார் உங்கள் கார்மேல் உண்மையாகப் பிரதிபலிக்கும்படி செய்துவிட்டார்கள். நீங்கள் குரூப்பிலிருந்து எடுத்த ஆள் மாதிரி ஆயிரம் பேர் முனகாமல் இருந்திருந்தால் அதற்கு யார் மெனக்கெடப் போகிறார்கள்? அவரை இன்றைக்கே திரும்பச் சேருங்கள். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லி, ரீப்ளேயை நிறுத்தி, இன்னொரு கார் பக்கத்தில் வரும் இடத்தில் பானட்டை இரண்டு பேரும் பாருங்கள். அவர் கண்டுபிடிக்காததை நீங்கள் கண்டுபிடித்தால் எனக்கு எழுதுங்கள். பார்க்காமல் எழுதினால் பதில் வராது.

ஐம்பதாவது நாள் பேனர் லாரன்ஸ் ரோட்டில் ஏறியது. பானட்டில் சித்தப்பா எல்லாவற்றையும் வைத்திருந்தார். வளைந்த கம்பம், நசுங்கிய வேப்பமரம், வெள்ளை வானம். ஓரத்தில் சாண் உயரத்தில் லுங்கி கட்டிய ஒரு ஆள். பாய் டீ கிளாசோடு ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றார். கிளாஸ் காலியாகும் வரை நின்றார். நாங்கள் இந்தப் பக்கம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். அப்புறம் ரோட்டைக் கடந்து வந்தார்.

“பெயின்டரே, என் லுங்கி பச்சை. நீ ஊதா போட்டிருக்க.”

சித்தப்பா சைக்கிளை என்னிடம் கொடுத்துவிட்டு ஏணி கேட்கப் போனார்.