பாஸ்வேர்ட் சரிதான், ஆனால் கணினி திறக்கவில்லை

கேள்வி: நங்கநல்லூரில் இருக்கிறேன், ஓய்வு பெற்ற ஆசிரியர். விடுமுறைக்கு வந்த பேத்தி என் விண்டோஸ் 11 கணினியில் தமிழில் டைப் செய்ய வழி செய்து கொடுத்துவிட்டு ஊருக்குப் போனாள். மறுநாள் முதல், தினமும் போடும் அதே பாஸ்வேர்டை 'தவறு' என்கிறது. ரிச்சி தெருக் கடை ஒன்றில் கேட்டால், "ஃபார்மேட் பண்ணித்தான் ஆகணும் சார், உள்ளே இருக்கிறதெல்லாம் போயிடும்" என்கிறார்கள். பத்து வருடப் புகைப்படங்கள் அதில் இருக்கின்றன. வேறு வழியே இல்லையா?

பதில்: இருக்கிறது. ஃபார்மேட் என்பது கடைசி வழி. உங்கள் விஷயத்தில் அது தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

பேத்தி சேர்த்த தமிழ் கீபோர்டின் மீதுதான் எனக்குச் சந்தேகம். லாகின் திரையின் வலது கீழ் மூலையில் ஒரு சின்ன மொழிக் குறி இருக்கும். அது தமிழைக் காட்டினால், நீங்கள் அழுத்தும் ஆங்கில எழுத்தெல்லாம் தமிழ் எழுத்தாகவே உள்ளே போகும். திரையில் வெறும் புள்ளிகள்தான் தெரியும் என்பதால் கண்டுபிடிக்க முடியாது. எண்கள் மட்டும் எண்களாகவே விழும். அதனால்தான் சில வீடுகளில் பின் எண் போட்டால் திறக்கும், பாஸ்வேர்ட் போட்டால் திறக்காது. விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டே ஸ்பேஸ் பாரைத் தட்டுங்கள், மொழி மாறும். பிறகு பாஸ்வேர்டை அடித்து, பெட்டியின் ஓரத்தில் உள்ள கண் படத்தை அழுத்திப் பிடித்தால் என்ன விழுந்திருக்கிறது என்று படித்தே பார்க்கலாம். கேப்ஸ் லாக் இருந்தாலும், ஏதாவது ஒரு எழுத்து விழாமல் போனாலும் அங்கேயே தெரிந்துவிடும். எழுத்து விழாமல் இருந்தால் கீபோர்டில் கோளாறு. அதே திரையில் உள்ள அணுகல் வசதிகள் பொத்தானில் திரைக் கீபோர்ட் இருக்கிறது. மவுஸால் அழுத்தியே உள்ளே போய்விடலாம்.

ஒரு எச்சரிக்கை. ஆத்திரத்தில் திரும்பத் திரும்ப முயலாதீர்கள். விண்டோஸ் 11 புதிதாக நிறுவிய கணினிகளில் பத்து முறை தவறினால் பத்து நிமிடம் கணக்கே பூட்டிக்கொள்ளும். பின் எண்ணைப் பல முறை தப்பாகப் போட்டால், 'ஏ1பி2சி3' என்று டைப் செய்யச் சொல்லும். இது வைரஸோ என்று பயந்து கேட்டவர்கள் உண்டு. இல்லை, குழந்தையோ பூனையோ கீபோர்டைத் தட்டவில்லை என்று உறுதி செய்துகொள்ளும் ஏற்பாடு, அவ்வளவுதான்.

கீபோர்டில் குற்றமில்லை என்றால், உங்களுடையது மைக்ரோசாப்ட் கணக்கா, அந்தக் கணினிக்குள் மட்டும் இருக்கும் உள்ளூர்க் கணக்கா என்று பாருங்கள். பெயருக்குக் கீழே ஈமெயில் முகவரி தெரிந்தால் மைக்ரோசாப்ட் கணக்கு. அந்தப் பாஸ்வேர்டை யாராவது போனில் மாற்றியிருந்தால், இணையம் இல்லாத கணினி பழையதையே கேட்டுக்கொண்டிருக்கும். பேத்தியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். புதிய பாஸ்வேர்ட் என்றால், லாகின் திரையிலேயே கீழே உள்ள நெட்வொர்க் படத்தை அழுத்தி வைஃபையில் இணைத்துவிட்டுப் போடுங்கள். மறந்தே போயிருந்தால், போனிலிருந்து மைக்ரோசாப்ட் தளத்துக்குப் போய் மாற்றலாம். அதற்கான குறியீடு முன்பு பதிவு செய்த எண்ணுக்கோ மாற்று ஈமெயிலுக்கோதான் வரும். பழைய சிம்மைத் தூக்கிப் போட்டவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். பதிவு விவரங்கள் எதுவுமே கைவசம் இல்லாமல் எல்லாவற்றையும் மாற்றினால் 30 நாள் காத்திருக்க வேண்டும்.

உள்ளூர்க் கணக்கென்றால், ஒரு முறை தவறாகப் போட்டதும் பாஸ்வேர்டை மாற்றும் இணைப்பு தோன்றும். கணக்குத் தொடங்கியபோது கொடுத்த மூன்று பாதுகாப்புக் கேள்விகளைக் கேட்கும். அன்று அம்மா ஊர் என்று எதை எழுதினீர்களோ அதையே, அதே எழுத்துக்கூட்டலில் எழுத வேண்டும். வீட்டில் வேறு யாருக்காவது நிர்வாகி உரிமையுள்ள கணக்கு இருந்தால் அதிலிருந்தும் மாற்றலாம்.

இனி கடைக்காரர் சொன்னது. லாகின் ஆகாவிட்டாலும் கோப்புகள் டிஸ்கில் அப்படியே இருக்கின்றன. டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி, புகைப்படங்களை எடுத்துத் தரலாம். ஒரே தடை, சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி டிஸ்க் குறியாக்கம் (என்கிரிப்ஷன்) செய்யப்பட்டிருப்பது. மைக்ரோசாப்ட் கணக்கில் லாகின் செய்த பல விண்டோஸ் 11 கணினிகளில் இது தானாகவே இயங்கியிருக்கும், உங்களுக்கே தெரிந்திருக்காது. அப்படியென்றால் 48 இலக்க மீட்புக் குறியீடு இல்லாமல் எந்தக் கடையிலும் ஒன்றும் செய்ய முடியாது. அந்த எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கிலேயே, சாதனங்கள் பக்கத்தில் சேமிக்கப்பட்டிருக்கும். ஆகவே கடைக்குப் போகும் முன் அதைத் தேடி எழுதிக்கொள்ளுங்கள். போன பிறகு, "முதலில் டேட்டாவை எடுத்துக் கொடுங்கள், அப்புறம் பார்க்கலாம்" என்று கறாராகச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் முடியும் ஃபார்மேட் அவருக்குச் சுலபம், உங்களுக்கு அல்ல.

கூகுளில் 'மைக்ரோசாப்ட் உதவி எண்' என்று தேடி, மேலே விளம்பரமாக வரும் எண்ணுக்குப் போன் செய்யாதீர்கள். தூரத்திலிருந்தே உங்கள் கணினியை இயக்க உதவும் எனி டெஸ்க் போன்ற செயலியை நிறுவச் சொல்லி, வங்கிக் கணக்கைத் துடைத்துவிடுவார்கள். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

சிலருக்கு வேறு மாதிரி நடக்கும்: பாஸ்வேர்டை ஏற்றுக்கொள்ளும், ஆனால் டெஸ்க்டாப் வெறிச்சோடிக் கிடக்கும். அப்டேட் நடுவே கரண்ட் போனால் இப்படி ஆகலாம். தற்காலிகக் கணக்கில் நுழைந்திருக்கிறீர்கள் என்று பொருள். அதில் எதையும் சேமிக்காமல் ரீஸ்டார்ட் செய்யுங்கள். சரியாகாவிட்டால் சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் உள்ளதைத் திறந்து பாருங்கள். படங்கள் அங்கே இருக்கும்.

உள்ளே போனதும் முதல் வேலையாகப் புகைப்படங்களை வெளி ஹார்ட் டிஸ்கில் காப்பி செய்யுங்கள். பிறகு கண்ட்ரோல் பேனலில் 'ரீஜன்' பகுதியின் நிர்வாகப் பக்கத்துக்குப் போய், ஆங்கிலம் முதல் மொழியாக உள்ள அமைப்பை வரவேற்புத் திரைக்கும் காப்பி செய்துவிடுங்கள். பேத்தி போட்ட தமிழ் கீபோர்டை நீக்க வேண்டாம். லாகின் ஆன பிறகு அதே விண்டோஸ்-ஸ்பேஸ் கீகளால் அதற்கு மாறிக்கொள்ளலாம்.