நான்கு மதிப்பெண்ணில் போன குரூப்

ஐயா, வணக்கம்.

தங்கள் மகள் சிஏ எனப்படும் பட்டயக் கணக்காளர் படிப்பின் இன்டர்மீடியட் தேர்வில் இரண்டாவது குரூப்பில் தேறி, முதல் குரூப்பை நான்கு மதிப்பெண்ணில் தவறவிட்டுவிட்டதாகவும், மறுபடி எழுத வைப்பதா அல்லது எம்.காம்.-இல் சேர்த்துவிடுவதா என்று தெரியாமல் வீட்டில் ஒரு வாரமாக யாருக்கும் சரியான உறக்கம் இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். மதிப்பெண் பட்டியலையும் சேர்த்து அனுப்பியது நல்லதாயிற்று. அட்வான்ஸ்டு அக்கவுண்டிங்கில் 57, சட்டத்தாளில் 41, வரித்தாளில் 48, ஆக மொத்தம் 146. இரண்டாவது குரூப்பில் 152. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் வருகிற ஜனவரியிலேயே எழுதட்டும். ஆனால் மறுபடி பாடப் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்து உட்காருவதற்கு முன்னால், தாம் எழுதிய விடைத்தாள்களை அவர் படிக்க வேண்டும்.

இந்தத் தேர்வின் தேர்ச்சி விதி தங்களுக்குத் தெளிவாகத் தெரிந்தால் பாதிக் கவலை குறையும். ஒவ்வொரு தாளிலும் 40 மதிப்பெண் வேண்டும். அதோடு மூன்று தாள்களின் கூட்டுத்தொகை 300-க்கு 150 ஆக இருக்க வேண்டும். மகள் மூன்றிலுமே 40-ஐத் தாண்டிவிட்டார். கூட்டுத்தொகையில்தான் நான்கு குறைந்தது. இரண்டு குரூப்பையும் ஒரே முறையில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. ஆறு தாள்களிலும் 40 எடுத்து, மொத்தம் 600-க்கு 300 வந்துவிட்டால், ஒரு குரூப்பின் குறையை மற்றதன் மிகுதி ஈடுசெய்து இரண்டிலும் தேர்ச்சி கிடைத்துவிடும். மகளுக்கு வந்தது 298. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இரண்டாவது குரூப் கையில் வந்துவிட்ட பிறகு அந்த ஈடுசெய்யும் வழி இனி அவருக்கு இல்லை. அடுத்த முறை முதல் குரூப் தன் மூன்று தாள்களைக் கொண்டே 150-ஐ எட்டியாக வேண்டும். ஒரு தாளிலும் 60 வராததால், அந்தத் தாளை அடுத்த முறை எழுதாமல் விடும் எக்ஸெம்ப்ஷன் சலுகையும் இல்லை. மூன்றையும் திரும்ப எழுத வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதைத் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். 2025 செப்டம்பர் தேர்வில் இன்டர்மீடியட் முதல் குரூப்பில் தேறியவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு. இரண்டாவது குரூப்பில் ஏறத்தாழ 27 பேர். இந்த இரண்டில் ஒன்றைக் கடந்துவிட்டு, மற்றொன்றில் வாசற்படி வரை வந்து நிற்கிற பெண்ணைப் படிப்பு வராதவர் என்று நினைப்பது அநியாயம்.

ஜனவரியிலேயே எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2024 முதல் இந்தத் தேர்வு ஆண்டுக்கு மூன்று முறை, அதாவது ஜனவரி, மே, செப்டம்பர் மாதங்களில் நடக்கிறது. செப்டம்பரில் எழுதியதற்கு நவம்பர் தொடக்கத்தில் முடிவு வந்தால், அடுத்த தேர்வுக்கு ஏறத்தாழ இரண்டு மாதம் இருக்கும். முழுப் பாடத்தையும் புதிதாகப் படிக்க இது போதாது. ஆனால் 146 எடுத்தவர் தம் குறையைச் சரிசெய்து கொள்ளத் தாராளமாகப் போதும். மேயில் எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், படித்தது மறந்துபோகும். அதோடு ஆடிட்டரிடம் பெறும் தொழிற்பயிற்சியான ஆர்ட்டிகிள்ஷிப்பும் தள்ளிப்போகும். 2023 ஜூலையில் வந்த புதிய பாடத்திட்டப்படி, இரண்டு குரூப்பும் முடித்த பிறகுதான் அந்த இரண்டு ஆண்டுப் பயிற்சியில் சேர முடியும். முன்பு போல ஒரு குரூப்பை முடித்துவிட்டு ஆடிட்டர் அலுவலகத்தில் சேர்ந்து, மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ள இயலாது. முடிவு வந்த சில நாட்களுக்குள்ளேயே ஜனவரித் தேர்வுக்கான படிவம் திறந்து, விரைவில் மூடப்பட்டும் விடுகிறது. வீட்டில் பேசி முடிவெடுக்கிறோம் என்று இருப்பவர்களில் பலர், முடிவெடுக்கும்போது கடைசி நாள் கடந்திருப்பதைப் பார்க்கிறார்கள். ஆகவே படிவத்தை முதலில் நிரப்பிவிடுங்கள்.

அடுத்தது விடைத்தாள். இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தில் மறுமதிப்பீடு என்ற ஏற்பாடு இல்லை. மதிப்பெண் சரிபார்ப்புக்கு விண்ணப்பித்தால், கூட்டல் சரியா, எல்லா விடைகளுக்கும் மதிப்பெண் இடப்பட்டிருக்கிறதா என்பதை மட்டும் பார்ப்பார்கள். தேர்வாளர் ஒரு விடைக்கு இட்ட மதிப்பெண்ணின் தகுதியைத் திரும்ப எடைபோட மாட்டார்கள். நான்கு மதிப்பெண் குறைவு என்பதால் சரிபார்ப்புக்குக் கொடுப்பதில் தவறில்லை, கொடுங்கள். ஆனால் அதன் பதிலுக்காகக் காத்திருந்து படிப்பை நிறுத்தி வைக்கக் கூடாது. அதைவிட முக்கியமாக, முடிவு வந்த 30 நாட்களுக்குள் விண்ணப்பித்தால் மூன்று தாள்களின் சான்றளிக்கப்பட்ட நகலையும் பெறலாம். இதற்கான கட்டணத்தை வீண் செலவு என்று நினைக்க வேண்டாம். எந்தப் பயிற்சி வகுப்பும் தர முடியாத ஒன்று அதில் இருக்கிறது. மகளின் கை எந்த இடத்தில் தவறுகிறது என்பது அதில் பதிந்திருக்கிறது.

இனி வருவதை மகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

அம்மா, நகல் கைக்கு வந்ததும் நிறுவனத்தின் இணையதளத்தில் அந்தத் தேர்வுக்கு வெளியிடப்படும் மாதிரி விடைகளான சஜெஸ்டட் ஆன்சர்ஸை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் உங்களுக்குக் கிடைத்தது எவ்வளவு, கிடைத்திருக்க வேண்டியது எவ்வளவு என்று எழுதி, இழந்த ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் காரணத்தைக் குறியுங்கள். படிக்கவே இல்லை, படித்தும் நினைவுக்கு வரவில்லை, தெரிந்தும் எழுதவில்லை, நேரம் போதவில்லை என்ற நான்கில் ஏதாவது ஒன்றாகத்தான் அது இருக்கும். சில மதிப்பெண்ணில் தவறவிட்டவர்களின் தாள்களை நான் பார்த்த வரையில், கடைசி இரண்டு காரணங்கள்தான் மிகுதி. தேர்வு முடிந்து வெளியே வந்தவர்கள் பாடம் படிக்காததால் போய்விட்டது என்று நம்பி, எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து படிக்கிறார்கள். எழுதும் முறை மட்டும் பழையபடியே இருக்கிறது. அடுத்த முறையும் அதே மதிப்பெண் வருகிறது.

சட்டத்தாளில்தான் உங்களுக்கு உண்மையான அபாயம். 41 என்பது தேர்ச்சிக் கோட்டுக்கு ஒரே ஒரு மதிப்பெண் மேல். அடுத்த முறை மொத்தம் 160 வந்து, இது மட்டும் 39 ஆனாலும் குரூப் போய்விடும். நீங்கள் பள்ளிப் படிப்பைத் தமிழ் வழியில் முடித்தவர் என்று அப்பா எழுதியிருந்தார். தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத வேண்டும் என்பதால், தெரிந்த சட்டத்தையும் சுருக்கமாக ஒரு வரியில் முடித்துவிடும் பழக்கம் தமிழ் வழியில் வந்த பலருக்கு உண்டு. ஓர் எடுத்துக்காட்டு பாருங்கள். ஒரு நிறுவனம் தன் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தை ஜனவரி 26 அன்று மாலை 7 மணிக்கு வைக்க விரும்புகிறது, இது செல்லுமா என்று கேள்வி. செல்லாது என்று உங்களுக்கு உடனே தெரிந்துவிடும், எழுதியும் விடுவீர்கள். அதற்கு முழு மதிப்பெண் வராது. முதலில் 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் என்ன சொல்கிறது என்பதை எழுத வேண்டும்: கூட்டம் காலை 9 மணிக்கும் மாலை 6 மணிக்கும் இடைப்பட்ட நேரத்தில், தேசிய விடுமுறை அல்லாத நாளில் கூட்டப்பட வேண்டும். அடுத்த பத்தியில் கேள்வியில் தந்த விவரத்தை அந்த விதியோடு பொருத்த வேண்டும்: குறித்த நாள் குடியரசு தினம், குறித்த நேரமும் வரம்புக்கு வெளியே. மூன்றாவதாகத்தான் முடிவு. விதி, பொருத்தம், முடிவு என்ற மூன்றுக்கும் தனித்தனியே மதிப்பெண் உண்டு. நீங்கள் எழுதியது மூன்றாவதை மட்டும்.

இதற்கு அலங்காரமான ஆங்கிலம் தேவையில்லை. சட்டத்தின் சொற்களை அப்படியே வைத்து, மற்றதைச் சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதினால் போதும். பிரிவு எண் உறுதியாகத் தெரிந்தால் எழுதுங்கள். ஐயம் இருந்தால் எண்ணை விட்டுவிட்டுச் சட்டத்தின் பெயரை மட்டும் எழுதுங்கள். தவறான எண் ஒரு நல்ல விடையின் மீது தேர்வாளருக்கு இருந்த நம்பிக்கையைக் கெடுத்துவிடும். தினமும் இப்படி மூன்று விடைகளைப் பேனாவால் எழுதுங்கள். படித்தால் மட்டும் இந்தப் பழக்கம் வராது. கம்பெனிகள் சட்டத்தில் மூழ்கி, ஜெனரல் கிளாசஸ் சட்டம், சட்ட விளக்க முறை, ஃபெமா என்ற அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் போன்ற சிறு பகுதிகளைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுவது பலரும் செய்யும் தவறு. அளவில் சிறியவை என்பதால் அவற்றைத்தான் முதலில் முடிக்க வேண்டும்.

வரித்தாளில் வருமான வரிக்கு 50, ஜிஎஸ்டிக்கு 50. உங்கள் 48-இல் இந்த இரண்டும் எப்படிப் பிரிந்திருக்கின்றன என்பதை நகலில் பாருங்கள். கணக்கிட்டு வருமானத்தைக் காட்டச் சொல்லும் கேள்விகளில், வரி இல்லாத இனங்களைச் சிலர் விடையில் குறிப்பிடாமலே விட்டுவிடுவார்கள். நெருங்கிய உறவினரிடமிருந்து வந்த அன்பளிப்பு வரிக்கு உட்படாது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த இனத்தையும் எழுதி, தொகை இன்மை என்று காட்டி, காரணத்தைக் கீழே குறிப்பாகக் கொடுத்தால்தான் உங்களுக்குத் தெரியும் என்பது தேர்வாளருக்குத் தெரியும். இன்னொன்று மிக முக்கியம். 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. நீங்கள் எழுதப்போகும் தேர்வுக்கு எந்தச் சட்டம், எந்த நிதிச் சட்டத்தின் திருத்தங்கள் பொருந்தும் என்பதை நிறுவனத்தின் கல்விப் பிரிவான போர்டு ஆஃப் ஸ்டடீஸ் வெளியிடும் அறிவிப்பில் பார்த்துவிட்டு, பிறகு புத்தகத்தைக் கையில் எடுங்கள். மறுமுறை எழுதுகிறவர்கள் அலமாரியில் இருக்கும் பழைய புத்தகத்தையே நம்பி உழைத்து ஏமாறுவதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

அக்கவுண்டிங்கில் 57 வந்துவிட்டது, அதைத் தொடத் தேவையில்லை என்று தோன்றும். நான் இதற்கு மாறாகச் சொல்வேன். உங்களுக்குப் பிடித்த, வலுவான தாள் இதுதான். பலவீனமான தாளில் ஐந்து மதிப்பெண் கூட்டுவதைவிட இதில் எட்டு மதிப்பெண் கூட்டுவது எளிது. இதில் 60 வந்துவிட்டால், ஒருவேளை குரூப் மறுபடி தவறினாலும் அடுத்த மூன்று முறைக்கு இந்தத் தாளை எழுத வேண்டியதில்லை. அந்தச் சலுகை குரூப்பின் எல்லாத் தாள்களையும் எழுதியவர்களுக்கு மட்டுமே என்பதால், முதல் நாள் தேர்வு சரியில்லை என்று அழுதுகொண்டு வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. கணக்கிட்ட படிகளைக் காட்டும் ஒர்க்கிங் நோட்ஸை ரஃப் தாளில் போடுவது போலக் கிறுக்காமல், எண் கொடுத்து விடையின் பகுதியாகவே காட்டுங்கள். இறுதித் தொகை தவறினாலும் படிகளுக்கு மதிப்பெண் கிடைக்கும்.

ஒவ்வொரு தாளிலும் 30 மதிப்பெண் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளுக்கு. இன்டர்மீடியட்டில் தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. ஒன்றைக்கூட வெறுமையாக விடக் கூடாது. ஒரு தாளுக்கு இரண்டு கேள்வி கூடுதலாகச் சரியானாலே உங்கள் நான்கு மதிப்பெண் குறை முழுதும் நிரம்பிவிடும். நிறுவனம் வெளியிடும் ஆர்டிபி (திருப்புதல் தேர்வுத்தாள்), எம்டிபி (மாதிரித் தேர்வுத்தாள்) இரண்டையும் விடாமல் போட்டுப் பாருங்கள். அதையும் பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரையில் உட்கார்ந்து எழுதுங்கள். தேர்வு அந்த நேரத்தில்தான். அதிகாலையில் படித்துப் பழகிவிட்டு, மதியம் சாப்பிட்ட மயக்கத்தில் மூன்று மணி நேரம் கணக்குப் போடுவது எப்படி இருக்கும் என்பது முதல் முறையே தெரிந்திருக்கும். ஐந்து மணி அடித்ததும் பேனாவை வைத்துவிடுங்கள். எழுதாமல் விட்ட விடை எது என்று பாருங்கள். மூன்றாவது மாதிரித் தேர்வில்தான் நேரம் கைக்கு அடங்கும்.

ஐயா, இனித் தங்களுக்கு. இந்த இரண்டு மாதமும் மகளைக் கடைக் கணக்கு எழுதவோ, கார்த்திகை மாதத் திருமணங்களுக்கோ அழைக்காதீர்கள். திருமண வீட்டில் என்னாயிற்று என்று பத்துப் பேர் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லி வீடு திரும்பும் பெண்ணால் அன்றும் மறுநாளும் படிக்க முடியாது. கேட்பவர்களுக்குத் தாங்களே பதில் சொல்லிவிடுங்கள். மற்றபடி, எத்தனை பக்கம் முடிந்தது என்று தினமும் கேட்க வேண்டாம். வாரம் ஒரு முறை எத்தனை விடை எழுதினாய் என்று மட்டும் கேளுங்கள்.

எம்.காம். இப்போது தேவையில்லை. தேர்வு முடிந்து முடிவுக்குக் காத்திருக்கும் நாட்களில், ஆர்ட்டிகிள்ஷிப்புக்கு முன் முடித்தாக வேண்டிய ஐசிஐடிஎஸ்எஸ் பயிற்சியை அவர் இன்னும் முடிக்கவில்லை என்றால் முடித்துவிடட்டும். கணினிப் பயிற்சிக்குப் பதினைந்து நாள், ஓரியன்டேஷனுக்குப் பதினைந்து நாள். முடிவு வந்த பிறகு அதைத் தொடங்கினால் ஒரு மாதம் அதிலேயே போய்விடும். ஜனவரியிலும் தவறினால், மேயில் இன்னொரு முறை எழுதுவதா வேண்டாமா என்பதை அன்றைய மதிப்பெண் பட்டியலை வைத்துப் பேசிக்கொள்வோம்; இன்றே அதற்குச் சத்தியம் வாங்க வேண்டாம்.

விடைத்தாள் நகல் வந்தவுடன் ஒரு பிரதி எனக்கும் அனுப்பச் சொல்லுங்கள். சட்டத்தாளை மகளோடு உட்கார்ந்து முதலில் பார்க்கிறேன்.