பெரிய சண்டை எதிலும் தோற்காத அமெரிக்கா வியட்நாமில் எப்படித் தோற்றது?

கேள்வி கேட்டவர் கூடவே இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: அரசியல்வாதிகள் ராணுவத்தின் கையைக் கட்டிப் போட்டதுதான் காரணமா என்று.

எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 1969-இல் அங்கே 5.4 லட்சம் அமெரிக்க வீரர்கள் இருந்தார்கள். வியட்நாம், லாவோஸ், கம்போடியா மூன்றிலும் சேர்த்து விழுந்த குண்டு சுமார் 70 லட்சம் டன். இரண்டாம் உலகப் போர் முழுவதும் அமெரிக்கா போட்டதைப்போல மூன்று மடங்கு. கை கட்டியிருந்த லட்சணம் இது! தடை என்று பெரிதாகச் சொன்னால், கம்யூனிஸ்டுகள் ஆண்ட வடக்கு வியட்நாமுக்குள் தரைப்படையை அனுப்பாததைச் சொல்லலாம். 1950-இல் கொரியாவில் சீன எல்லையை நெருங்கியதும் சீனப் படையே போரில் குதித்தது அதிபர் ஜான்சனுக்கு மறந்திருக்காது. அந்தப் பயம் நியாயமானதுதான்.

என்னைக் கேட்டால், 1965-இல் டா நாங் துறைமுகத்தில் அமெரிக்க மரைன் படை கரையிறங்குவதற்குப் பத்து வருஷம் முன்பே, தெற்கு வியட்நாமின் மேகாங் டெல்டா வயல்களில் இந்தப் போர் கைநழுவத் தொடங்கிவிட்டது.

நாட்டை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த போரில், கம்யூனிஸ்டுகள் தலைமையிலான வியட் மின் படையின் கைக்கு வந்த கிராமங்களிலிருந்து பண்ணையார்கள் ஊரை விட்டு ஓடினார்கள். குத்தகை நின்றது. பல இடங்களில் நிலத்தையே உழுதவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். 1954-இல் நாடு வடக்கு, தெற்கு என்று பிரிந்து, தெற்கில் அமெரிக்க ஆதரவோடு ங்கோ தின் தியெம் ஆட்சி அமைந்ததும் பண்ணையார்கள் திரும்பி வந்தார்கள். தியெம் அரசு குத்தகைக்கு ஒரு வரம்பு வைத்தது: விளைச்சலில் 25 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. பழைய காலத்தில் பாதி விளைச்சல் போய்க்கொண்டிருந்ததால், தலைநகர் சைகோனில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு இது பெரிய சீர்திருத்தம். வருஷக்கணக்கில் ஒரு மரக்கால் நெல்லும் யாருக்கும் அளக்காத குடியானவருக்கோ, நின்றுபோன குத்தகையை அரசாங்கம் மறுபடி கொண்டுவந்து களத்துமேட்டில் நிறுத்திய மாதிரி.

1956-இல் வந்த நில உச்சவரம்பு இன்னும் வேடிக்கை. ஒருவர் 100 ஹெக்டேர் வரை வைத்துக்கொள்ளலாம், கிட்டத்தட்ட 250 ஏக்கர்! இதே அமெரிக்கா ஜப்பானைத் தன் பிடியில் வைத்திருந்தபோது, குத்தகைக்கு விடும் நிலத்துக்கு வைத்த வரம்பு பெரும்பாலான பகுதிகளில் சுமார் 1 ஹெக்டேர். அந்த ஜப்பானிய நிலச் சீர்திருத்தத்தில் பங்காற்றிய வுல்ஃப் லடெஜின்ஸ்கி என்ற நிபுணரே சைகோனில் தியெமுக்கு ஆலோசகராக இருந்தார். ஆளும் இருந்தார், அனுபவமும் இருந்தது. தியெமை நெருக்க வாஷிங்டனுக்குத்தான் மனம் வரவில்லை. அதே ஆண்டு கிராம சபைத் தேர்தல்களையும் தியெம் ஒழித்து, மேலிருந்து ஆட்களை நியமித்தார். அப்புறம் கிராமத்து மக்கள் ஏன் இரவில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்குச் சோறு போட்டார்கள் என்று ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

1962-இல், கெரில்லாக்களிடமிருந்து பிரித்து வைக்க, மக்களை வேலி போட்ட கிராமங்களுக்குள் குடியேற்றும் திட்டம் வந்தது. பரம்பரை வீட்டையும் முன்னோர் கல்லறையையும் விட்டுவிட்டு வரவேண்டும், வேலியையும் தாங்களே அடிக்கவேண்டும். அதை மேற்பார்வையிட்ட கர்னல் ஃபாம் ங்கோக் தாவ் கம்யூனிஸ்டுகளின் ரகசிய ஆள். வேகமாக முடியுங்கள் என்று அவர் தூண்டினார், அந்த வேகமே திட்டத்தைக் கெடுத்தது.

இவ்வளவுக்கும் பிறகுதான் அமெரிக்கப் படை பெருமளவில் வருகிறது. தளபதி வெஸ்ட்மோர்லண்டின் உத்தி எளிமையானது: எதிரி புதிதாகச் சேர்க்கும் ஆட்களைவிட அதிகம் பேரைக் கொன்றுகொண்டே இருந்தால், ஒரு கட்டத்தில் அவன் தீர்ந்துபோவான். வடக்கில் ஆண்டுதோறும் சுமார் 2 லட்சம் இளைஞர்கள் போருக்குரிய வயதை எட்டிக்கொண்டிருந்தார்கள். அதைவிட முக்கியம், பெரும்பாலான மோதல்களை எங்கே எப்போது தொடங்குவது என்று தீர்மானித்தது எதிரிதான் என்று பென்டகனின் சொந்த ஆய்வாளர்களே கண்டறிந்தார்கள். இழப்பு அதிகமானால் அவர்கள் கொஞ்ச காலம் ஒதுங்கிவிடுவார்கள். எத்தனை பேரைச் சாகவிடுவது என்ற குழாயின் திருகு அவர்கள் கையில் இருக்கும்போது இந்தக் கணக்கு எப்படிப் பலிக்கும்?

ஆனாலும் பிணக்கணக்குதான் அளவுகோல் என்று ஆகிவிட்டது. பதவி உயர்வு அதைப் பொறுத்திருந்தால், மேலிடம் கேட்கிற எண் எப்படியாவது வந்து சேரும். 1968 டிசம்பரிலிருந்து 1969 மே வரை, அதே மேகாங் டெல்டாவில் 9-வது காலாட்படை டிவிஷன் ஒரு நடவடிக்கை நடத்தியது. கொன்ற எதிரிகள் சுமார் 10,900 பேர் என்று அறிவித்தது. கைப்பற்றிய ஆயுதங்கள் 748. மீதி பத்தாயிரம் பேர் கையில் என்ன இருந்தது? மண்வெட்டியா? அதில் 5,000 முதல் 7,000 பேர் வரை பொதுமக்களாக இருக்கலாம் என்று ராணுவத்தின் உள்விசாரணையே பின்னால் மதிப்பிட்டது. பன்னிரண்டு வருஷம் முன்பு நிலமாவது கொடுத்திருக்கலாம்.

1968-இல் டெட் என்ற வியட்நாமியப் புத்தாண்டு சமயத்தில் தெற்கின் நகரங்கள் மேல் கம்யூனிஸ்டுகள் நடத்திய தாக்குதலைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். ராணுவ ரீதியில் கம்யூனிஸ்டுகளுக்கு அதில் பலத்த அடி, சரி. ஆனால் முடிவு கண்ணுக்குத் தெரிகிறது என்று 1967 நவம்பரில் வெஸ்ட்மோர்லண்ட் சொல்லியிருந்தார். ஜனவரிக் கடைசியில் சைகோன் அமெரிக்கத் தூதரக வளாகத்துக்குள்ளேயே சண்டை. அதற்குப் பிறகு அவருடைய எண்களை அமெரிக்காவில் யார் நம்புவார்கள்?

1970 மார்ச்சில்தான், தெற்கின் பிந்தைய அதிபர் தியூவின் அரசு உழுபவருக்கே நிலம் என்று சட்டம் போட்டது. நல்ல சட்டம், டெல்டாவில் குத்தகை முறையையே அது பெருமளவு குறைத்தது. ஆனால் அதற்குள் அமெரிக்கப் படை மூட்டை கட்டத் தொடங்கியிருந்தது.

‘1975-இல் சைகோனைப் பிடித்தது டாங்கிகளோடு வந்த வடக்கின் படைதானே, குடியானவர்கள் இல்லையே’ என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். உண்மைதான். 1973 பாரிஸ் ஒப்பந்தமே தெற்கில் இருந்த வடக்கின் படைகளை வெளியேறச் சொல்லவில்லை, வடக்கு ஒப்பந்தத்தை மீறினால் உதவுவதாகத் தெற்குக்கு வாக்குறுதி கொடுத்த அமெரிக்க அதிபர் நிக்சனும் 1974-இல் பதவி விலகிவிட்டார். ஆனால் தெற்கின் ராணுவம் காகிதத்தில் பத்து லட்சம் பேரைக் கொண்டது, அது இரண்டே மாதத்துக்குள் சரிந்தது. அந்தக் காகிதத்தில் இறந்தவர்களும் ஓடிப்போனவர்களும் இருந்தார்கள். அவர்கள் பெயரில் வந்த சம்பளத்தை அதிகாரிகள் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.