பழி விழும் இடம்

அன்புள்ள சார்,

உங்கள் தளத்தை ஆறேழு வருடமாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

போன தை மாதம் என் தம்பி இமாசலில் பனிமலை ட்ரெக்கிங் போன இடத்தில் சறுக்கி விழுந்து இறந்துவிட்டான். வயது முப்பத்தொன்று. இரண்டு வயதில் மகன் இருக்கிறான். கடைசி நாள் காலையில் இறங்கும்போது பாதையில் பனி கண்ணாடி மாதிரி இறுகிக் கிடந்திருக்கிறது. வெயில் ஏறட்டும், அப்புறம் இறங்கலாம் என்று வழிகாட்டி சொன்னாராம். சாயங்காலம் டெல்லி பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டிருந்ததால் இவன் மட்டும் முன்னால் கிளம்பிவிட்டான்.

துக்கத்துக்கு வந்தவர்கள் பேசியதைத்தான் தாங்க முடியவில்லை. “கொழுப்பெடுத்துப் போனான்”, “பிள்ளைகுட்டிக்காரனுக்கு இது தேவையா” என்றார்கள். நான்கு வருடம் முன்னால் எங்கள் பெரியப்பா வெள்ளியங்கிரி ஏறும்போது நெஞ்சுவலி வந்து இறந்தார். பிரஷர் மாத்திரையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். அன்றைக்கு இதே ஆட்கள் “கொடுத்து வைத்தவர், சிவன் காலடியிலேயே உயிர் போச்சு” என்றார்கள்.

ஆனால் சார், உண்மையைச் சொன்னால் எனக்கும் அவன் மேல் கோபம் இருக்கிறது. வீட்டுக் கடன் தவணையை இப்போது நான் கட்டுகிறேன். ஒரு இன்சூரன்ஸ்கூட எடுத்து வைக்கவில்லை. செத்தவன் மேல் கோபப்படுவது தப்பா? அவன் பை வந்து சேர்ந்து மூன்று மாதமாகிறது. உள்ளே ஷூ அப்படியே இருக்கிறது. அம்மா யாரையும் தொட விடுவதில்லை. அதை என்ன செய்வது என்றுகூடத் தெரியவில்லை.

ஓர் அண்ணன், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் கோபத்தைப் பற்றி. படுங்கள். தவணை கட்டுகிறவருக்கு அந்த உரிமை இருக்கிறது. அவர் மனைவிக்கு இருக்கிறது, அம்மாவுக்கு இருக்கிறது. பந்தலில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போனவர்களுக்கு இல்லை.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த டெல்லி பஸ். உங்கள் தம்பி மலைக்குப் போனதால் இறந்தார் என்று ஊர் சொல்கிறது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், அவர் பஸ்ஸைப் பிடிக்கப் போய் இறந்திருக்கிறார். இரண்டும் ஒன்றில்லை. மலைக்குப் போவது ஒரு முடிவு, நிதானமாக எடுத்தது. வழிகாட்டி சொன்னதைக் கேட்காமல் இறங்கியது வேறு முடிவு, ஒரு நிமிடத்தில் எடுத்தது. அது தப்பான முடிவுதான், அவருடைய முடிவுதான். அதை மழுப்ப வேண்டாம். ஆனால் மூடப்போகிற ரயில்வே கேட்டில் வண்டியை நுழைக்கிறோமே, அதே ஜாதித் தப்பு.

நானும் செய்திருக்கிறேன், அதுவும் உங்கள் பெரியப்பா ஏறிய அதே வெள்ளியங்கிரியில். இருபத்தைந்து வயது இருக்கும். தரிசனம் முடித்து இறங்கும்போது நேரமாகிவிட்டது. பூண்டியில் கடைசி பஸ்ஸை விட்டால் ராத்திரி அங்கேதான் என்று ஓட்டமும் நடையுமாக வந்தேன். பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிற வழுக்குப்பாறையில் கால் வாரியது. கையிலிருந்த மூங்கில் தடி இரண்டாக ஒடிந்தது, நான் ஒடியவில்லை. வலது முட்டியில் இன்னும் தழும்பு இருக்கிறது. பஸ் அன்றைக்கு அரை மணி நேரம் லேட். இதைச் சிரிக்கச் சிரிக்கப் பல வீடுகளில் சொல்லியிருக்கிறேன். ஒருவர்கூட என்னைப் பொறுப்பில்லாதவன் என்று சொன்னதில்லை. உங்கள் தம்பிக்கும் எனக்கும் புத்தியில் வித்தியாசம் இல்லை. தடி இருந்தது, அவ்வளவுதான்.

அலிசன் ஹார்கிரீவ்ஸ் என்ற பிரிட்டிஷ் மலையேறியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்களோ என்னவோ. 1995 மே மாதம் ஆக்சிஜன் சிலிண்டரும் ஷெர்பா உதவியும் இல்லாமல் எவரெஸ்ட் ஏறினார். மூன்றே மாதத்தில், ஆகஸ்ட் 13 அன்று, 8,611 மீட்டர் உயரமுள்ள கே2 உச்சியையும் தொட்டார். இறங்கும் வழியில் புயல் அடித்துக்கொண்டு போய்விட்டது. வயது 33. வீட்டில் ஆறு வயது மகனும் நான்கு வயது மகளும். பிரிட்டிஷ் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன: ஒரு தாய் இப்படிப் போகலாமா? அந்தப் புயலில் அவரோடு சேர்த்து ஏழு பேர் போனார்கள். மற்ற ஆறு பேரும் ஆண்கள். அவர்களைப் பற்றி அந்தக் கேள்வி எழுந்ததாக நான் படித்ததில்லை.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. அவர்கள் உச்சியைத் தொட்டபோது மாலை ஆறு மணி தாண்டிவிட்டது. அன்று அதே பாதையில் ஏறிக்கொண்டிருந்த பீட்டர் ஹிலாரி (எட்மண்ட் ஹிலாரியின் மகன்தான்) மேகம் திரள்வதைப் பார்த்துவிட்டு முன்பே திரும்பிவிட்டார், பிழைத்தார். நேரத்தையும் வானத்தையும் வைத்துத்தான் அங்கே வாதம் நடந்திருக்க வேண்டும். நடந்தது தாய்மையைப் பற்றி.

இதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. கனடாக்காரர் ஜெஃப் லேக்ஸும் உச்சிக்குப் போகாமல் திரும்பியவர்தான். புயலுக்குள் இறங்கிக் கீழ் முகாம் வரை வந்து சேர்ந்து, அங்கே இறந்தார். ஏழு பேரில் அவரும் ஒருவர். சரியான முடிவெடுத்தவரும் செத்தார். ஆகவே ஒருவர் செத்துவிட்டார் என்பதை மட்டும் வைத்து அவருடைய முடிவை அளக்க முடியாது. அந்த நேரத்தில் அவருக்கு என்ன தெரியும், யார் என்ன சொன்னார்கள், அவரை நம்பி வேறு யார் பின்னால் வந்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

அந்தக் கடைசிக் கேள்வி வரும் இடத்தில் நான் இளகுவதில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி பக்கம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கொழுக்குமலையிலிருந்து இறங்கி வந்தவர்கள். சென்னையிலிருந்து போன குழுவில் பெரும்பாலும் பெண்கள். நம் ஊர் உடனே என்ன கேட்டது? பெண்களுக்குக் காட்டில் என்ன வேலை என்று. பங்குனி நெருங்கும்போது அந்தச் சரிவில் புல் எப்படிக் காய்ந்து கிடக்கும் என்று பணம் கட்டி வந்த ஐடி ஊழியருக்குத் தெரியாது. கூட்டிப் போனவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அனுமதிக்கிற வனத்துறைக்கும் தெரிந்திருக்க வேண்டும். அனுமதி வாங்கிய பாதை வேறு, போன பாதை வேறு என்று அப்போது அதிகாரிகள் சொன்னார்கள். மலையேற்றத்துக்கென்று தமிழ்நாட்டில் விதிகள் வந்ததே அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான். தன் உயிரைப் பணயம் வைப்பவனிடம் எனக்குப் பெரிய வழக்கு இல்லை. பின்னால் வருகிறவர்களின் உயிரையும் சேர்த்து வைப்பவனிடம் உண்டு. உங்கள் தம்பி தனியாக இறங்கினார். யாரையும் இழுத்துக்கொண்டு போகவில்லை.

பெரியப்பா விஷயத்துக்கு வருகிறேன். இதய நோய், ரத்த அழுத்தம் இருப்பவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை ஒவ்வொரு சீசனிலும் சொல்கிறது. அவர் மாத்திரையையும் வைத்துவிட்டுப் போனார். நிதானமாகப் பார்த்தால் தம்பியைவிட அவர்தான் அசட்டையாக இருந்திருக்கிறார். சிவன் பெயர் வந்ததும் எல்லோரும் கேள்வியை மடித்து வைத்துவிட்டார்கள். அவரைத் திட்டச் சொல்லவில்லை. அவருக்குக் காட்டிய கருணையில் பாதியைத் தம்பிக்கும் காட்டியிருக்கலாம்.

இன்சூரன்ஸ். இங்கே நான் முழுக்க உங்கள் பக்கம். கடன் வாங்கி வீடு கட்டிய, கைக்குழந்தை உள்ள மனிதர், மலை ஏறினாலும் ஏறாவிட்டாலும் அதை எடுத்திருக்க வேண்டும். இருசக்கர வாகனத்தில் ஆபீஸ் போகிறவருக்கும் அதே கணக்குதான். உங்கள் கோபத்துக்கு நியாயமான இடம் அதுதான் என்று நினைக்கிறேன். பனியின் மேல் கோபப்படாதீர்கள்.

ஒருநாள் அந்தப் பையன் அப்பா எப்படிச் செத்தார் என்று கேட்பான். சொந்தக்காரர்கள் முந்திக்கொள்வதற்குள் நீங்கள் சொல்லிவிடுங்கள். மலை பிடிக்கும், நன்றாக ஏறுவார், ஒருநாள் காலையில் பஸ்ஸுக்காக அவசரப்பட்டார் என்று, மூன்றையும் சேர்த்து.

ஷூவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அம்மா இருக்கட்டும் என்றால் இருக்கட்டும். ஆனால் மூன்று மாதமாகப் பைக்குள் ஈரத்தோடு கிடக்கிறது போலிருக்கிறது. அம்மாவிடம் சொல்லி வெளியே எடுத்து, மண்ணைத் தட்டி, நிழலில் காயவைத்து, பழைய செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்து வையுங்கள். பூசணம் பிடிக்காது.