மீன் தீவனத்தில் புரோபயாடிக் கலந்தால் பலன் உண்டா? எவ்வளவு, எப்படிக் கலப்பது?

கேள்வி: பெங்களூரு ஆனேக்கல் பக்கம் 10,000 லிட்டர் தார்ப்பாய்த் தொட்டி நான்கில் கிஃப்ட் ஜிலேபி (வேகமாக வளரும் திலேப்பியா ரகம்) வளர்க்கிறேன். கிலோ தீவனத்துக்கு 5 கிராம் புரோபயாடிக் (நன்மை செய்யும் நுண்ணுயிர்) பொடி கலக்கச் சொல்கிறார் கடைக்காரர். போட்ட காசு திரும்புமா?

பதில்:

5 கிராம் என்ற அளவை வைத்து மட்டும் எதுவும் சொல்ல முடியாது. டப்பாவைத் திருப்பி உயிருள்ள நுண்ணுயிர் எண்ணிக்கையைப் பாருங்கள். சி.எஃப்.யு. என்று போட்டிருக்கும். தீவனத்தின் ஒவ்வொரு கிராமிலும் ஒரு கோடியாவது, அதாவது 10⁷, இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வுகளில் பலன் தெரிந்த அளவுகள் பெரும்பாலும் இந்த அளவிலும் இதற்கு மேலும்தான் இருக்கின்றன. பொடியில் கிராமுக்கு 200 கோடி (2×10⁹) இருந்தால் 5 கிராமில் 1,000 கோடி. அதை 1,000 கிராம் தீவனத்தில் பரப்பினால் கிராமுக்கு ஒரு கோடி. கடைக்காரர் சொன்னது சரியாக வருகிறது.

ஆனால் அதே 2×10⁹ 'கிலோவுக்கு' என்று அச்சாகியிருந்தால் கதை வேறு. அது ஆயிரத்தில் ஒரு பங்கு சரக்கு. நீங்கள் வாங்குவது பெரும்பாலும் மாவுதான். பெரிய எழுத்தில் எண்ணையும் பொடி எழுத்தில் 'கிலோ'வையும் போடும் டப்பாக்கள் சந்தையில் நிறைய. எண்ணிக்கையே போடாமல் பன்னிரண்டு நுண்ணுயிர்ப் பெயர்களை மட்டும் அடுக்கியிருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

அடுத்து, எந்த இனம்? ஜிலேபிக்கு பேசில்லஸ் சப்டிலிஸ், பேசில்லஸ் லைக்கெனிஃபார்மிஸ் இரண்டும் நல்ல தேர்வு. இவை வித்து வடிவில் உறங்கிக் கிடப்பவை. சூடு, வறட்சி, அமிலம் எல்லாவற்றையும் தாங்கும். ஜிலேபியின் இரைப்பை அமிலம் பிஹெச் 2-க்கும் கீழே இறங்கக்கூடியது. அதைக் கடந்துதான் குடலுக்குப் போக வேண்டும். (ரோகு, கட்லாவுக்கு இரைப்பையே கிடையாது, அவற்றில் இந்தத் தடை இல்லை.) தயிரில் இருக்கும் வகையான லாக்டோபேசில்லஸ் வித்து உண்டாக்காது, வெயிலில் கிடந்த கடையில் வாங்கினால் எத்தனை உயிரோடு இருக்கும் என்பது சந்தேகம். தயிர் கலக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். மீனைக் கொல்லாது, ஆனால் எண்ணிக்கை நம் கையில் இல்லை, மிஞ்சிய தீவனமும் சீக்கிரம் புளித்துவிடும். நான் பரிந்துரைக்க மாட்டேன். அம்மோனியாவை மாற்றும் நைட்ரோசோமோனாஸ் போன்றவை உள்ள பொடி தண்ணீருக்கானது, தீவனத்தில் கலந்து பயனில்லை.

கலக்கும் விதத்தில்தான் பலர் காசை விடுகிறார்கள். உலர்ந்த பொடியைத் தீவனத்தின் மேல் தூவினால் தொட்டியில் விழுந்த மறுநிமிடமே கழன்று போகும். ஒரு கிலோ மிதவைத் தீவனத்துக்கு 5 கிராம் பொடியை 50 மில்லி தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். தீவனத்தை அகலமான தாம்பாளத்தில் பரப்பி, கரைசலைத் தெளித்தபடி கிளறுங்கள். கால் மணி நேரம் விட்டு 10 முதல் 15 மில்லி மீன் எண்ணெயோ தவிட்டு எண்ணெயோ விட்டு மறுபடி புரட்டி, நிழலில் மின்விசிறிக்குக் கீழே அரை மணி நேரம் உலர்த்துங்கள். வெயிலில் வைக்காதீர்கள். தண்ணீர் கூடினால் குருணை ஊறி உடையும், எண்ணெய் கூடினால் நீர்ப்பரப்பில் படலம் கட்டும். ஆறின சோற்றுக் கஞ்சியும் நல்ல பசைதான், ஆறினதாக இருக்க வேண்டும். ஒட்டியதா என்று பார்க்க ஒரு பிடியைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போடுங்கள். ஐந்து நிமிடத்தில் தண்ணீர் பால் போலானால் ஒட்டவில்லை.

கரைக்கிற தண்ணீர் போர்வெல் என்றால் சிக்கல் இல்லை. காவேரிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், முதல் நாள் இரவே பிடித்துக் காற்றூட்டி வையுங்கள். டேங்கர் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று டேங்கர்காரருக்கே தெரியாது, காய்ச்சி ஆறவைத்துவிடுங்கள். அன்றைய தேவைக்கு மட்டும் கலக்குங்கள். ஈரமான தீவனத்தை மூட்டையில் போட்டுவைத்தால் பூஞ்சை வரும், அது பொடி தரும் நன்மையை விடப் பெரிய தீமை.

இந்த நுண்ணுயிர்கள் குடலில் நிலையாகக் குடியேறுவதில்லை. நிறுத்தினால் கொஞ்ச நாளில் கழுவிக்கொண்டு போய்விடும். அதனால் மாதம் ஒருமுறை 'டோஸ்' கொடுப்பது வீண். குஞ்சு விட்ட முதல் ஆறு வாரம் எல்லா வேளையும், பிறகு தினமும் காலை முதல் வேளை மட்டும் என்பது என் யோசனை. பசியோடு இருக்கும் வேளையில் தீவனம் கழன்று கரையுமுன் வாய்க்குள் போய்விடும். ஆன்டிபயாடிக் கொடுக்கும் நாட்களில் கலக்காதீர்கள், மருந்து இந்த நுண்ணுயிரையும் கொன்றுவிடும், பொடிக்காசு வீண். மருந்து முடிந்து இரண்டு மூன்று நாள் கழித்துத் தொடங்கலாம்.

காசுக் கணக்கு இது. தீவனம் கிலோ 45 ரூபாய், பொடி கிலோ 600 ரூபாய் என்று வையுங்கள். 5 கிராமுக்கு 3 ரூபாய், தீவனம் 48 ஆகிறது. இப்போது ஒரு கிலோ மீனுக்கு 1.5 கிலோ தீவனம் போகிறதென்றால் செலவு 67.50. பொடிக்காசு திரும்ப வேண்டுமானால் அந்த 1.5 என்பது 1.4-க்கு இறங்க வேண்டும். மூன்று வேளையில் ஒரு வேளை மட்டும் கலந்தால் கூடுதல் செலவு 1 ரூபாய்தான், 1.47 வந்தாலே போதும். உங்களிடம் நான்கு தொட்டி இருப்பது வசதி: இரண்டில் கலந்தும் இரண்டில் கலக்காமலும் எட்டு வாரம் ஓட்டுங்கள். ஒரே நாள் விட்ட ஒரே குஞ்சு, ஒரே மூட்டைத் தீவனம், 15 நாளுக்கு ஒருமுறை தொட்டிக்கு 30 மீன் எடை, தொட்டிக்கொரு வலை. பயோஃபிளாக் (தண்ணீரிலேயே நுண்ணுயிர்த் திரளை வளர்க்கும் முறை) ஓடும் தொட்டி என்றால் வித்தியாசம் குறைவாகத் தெரியலாம். மீன் ஏற்கெனவே நாள் முழுக்க நுண்ணுயிர்த் திரளைத்தான் மேய்கிறது.

இந்தச் சோதனையை டிசம்பர், ஜனவரியில் தொடங்காதீர்கள். பெங்களூரில் அப்போது இரவு 15 டிகிரி அளவுக்கு இறங்கும், திறந்த தொட்டித் தண்ணீரும் கூடவே குளிரும். 27 முதல் 30 டிகிரியில் நன்றாக வளரும் ஜிலேபி, 20-க்குக் கீழே தீவனத்தைத் தொடவே தயங்கும். வித்தும் குளிரில் மெதுவாகத்தான் விழிக்கும். அப்போது பொடியைத் திட்டிப் பயனில்லை. தீவனத்தைக் குறைத்து, வெயில் ஏறிய பின் போடுங்கள்.

பேன் பிடித்தாலோ, ஜிலேபி ஏரி வைரஸ் வந்தாலோ, கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே போனாலோ இந்தப் பொடி காப்பாற்றாது. மீன் சாகத் தொடங்கிய பிறகு 5 கிராமை 20 கிராமாக்குவதும் வேண்டாம். அன்றைக்குத் தீவனத்தை நிறுத்தி, அம்மோனியாவையும் ஆக்சிஜனையும் அளந்து பாருங்கள். காரணம் பிடிபடவில்லை என்றால், சாகும் தறுவாயில் இருக்கும் மீனை உயிரோடு எடுத்துக்கொண்டு மீன்வளத் துறை அலுவலகத்துக்கோ, ஹெசரகட்டாவில் உள்ள நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல மையத்துக்கோ போங்கள். செத்து ஊறிய மீனை வைத்து யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.